தேதி சொல்வதும் உண்மை சொல்வதும்

(நமது கிளையின் காலாண்டுக் கூட்டத்தில், மென்பொருள் துறையில் 32 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற அங்கத்தினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வெளியூர் அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே வெளியிடுகிறோம்.)

 

காரியதரிசி என்னிடம் ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார். ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட், லீடர்ஷிப், சாஃப்ட்வேர் என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் மாமிகளுக்கும் புரிய வேண்டுமாம். மாமிகளுக்குப் புரியாது என்று அவர் எதை வைத்து முடிவு செய்தார் என்று தெரியவில்லை. 400 பேர் வரும் கல்யாணத்தை, முகூர்த்தம் ஒரு நிமிஷம் தவறாமல், சம்பந்தி வீட்டார் முகம் கோணாமல் நடத்திக் காட்டுகிறவர்கள் அவர்கள். எங்கள் துறையில் அதைச் செய்ய மூன்று மேனேஜர்களும் ஒரு கன்சல்டண்டும் வேண்டியிருக்கும்.

இந்த விஷயத்தைப் பேச நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்துக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவராவது இந்தத் துறையில் இருக்கிறார்கள். பெங்களூர், ஹைதராபாத், புனே, நொய்டா என்று எந்த ஊருக்குப் போனாலும் பெற்றோர்கள் சொல்வது ஒன்றே. "பையன் ராத்திரி 11 மணிக்கு மீட்டிங் என்று உட்காருகிறான். தீபாவளிக்கு வர முடியாதாம், டெலிவரி இருக்கிறதாம்." இது ஏன் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? இத்தனை படித்தவர்கள், இத்தனை சம்பளம் வாங்குகிறவர்கள் செய்யும் வேலை, ஏன் எப்போதும் கடைசிப் பதினைந்து நாளில் வந்து நெருக்குகிறது? சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். திறமை போதவில்லை என்று சிலர். நான் பார்த்தவரை பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஆரம்பத்தில் சொன்ன தேதி நிஜமான தேதி இல்லை. நடுவில் அது நிஜமில்லை என்று தெரிந்தவர்கள் சொல்லவில்லை, அல்லது சொன்னது மேலே போய்ச் சேரவில்லை. இன்று நான் பேசப்போவது இவ்வளவுதான்.

முதலில் தேதி விஷயம். 1964 ஏப்ரலில் ஐ.பி.எம். கம்பெனி சிஸ்டம்/360 என்ற கம்ப்யூட்டர் வரிசையை அறிவித்தது. அதற்கான இயக்க மென்பொருளுக்கு ஓ.எஸ்./360 என்று பெயர். அதை நிர்வகித்தவர் ஃப்ரெட் ப்ரூக்ஸ். ஒரு கட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் வேலை செய்தார்கள். 1963 முதல் 1966 வரை சுமார் 5,000 ஆள்-வருஷ உழைப்பு அதற்குப் போனது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனாலும் வேலை தாமதமாயிற்று. திட்டமிட்டதைவிட அதிக மெமரி தின்றது, செலவு ஏறியது. ப்ரூக்ஸ் பிறகு வட கரோலினாவில் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் போய், நடந்ததை எல்லாம் யோசித்து, 1975இல் 'தி மிதிகல் மேன்-மன்த்' என்ற சிறிய புத்தகம் எழுதினார். 1999இல் டூரிங் பரிசு பெற்றார். 2022 நவம்பரில் காலமானார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய புத்தகம், ஆனால் இன்றைக்கும் எந்த ப்ராஜெக்ட் மேனேஜரும் அதைப் படிக்காமல் இருக்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

அதில் அவர் சொன்ன பிரசித்தமான விஷயம், ஏற்கெனவே தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது. கேட்டால் விநோதமாக இருக்கும். பந்தியில் பரிமாற நாலு பேருக்குப் பதில் எட்டுப் பேர் நின்றால் சீக்கிரம் முடியாதா? முடியும். ஏனென்றால் ஒருவர் சாம்பார் விடுவதற்கு மற்றவரிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, சமையல் காண்டிராக்டர் புதிதாகப் பத்துப் பேரை அழைத்து வந்தால் என்ன ஆகும்? எந்தப் பாத்திரம் எங்கே, தேங்காய் துருவி ஆயிற்றா, யாருக்கு வெங்காயம் பூண்டு இல்லாமல் செய்ய வேண்டும் என்று ஒவ்வொருவரும் வந்து தலைமைச் சமையற்காரரைக் கேட்பார்கள். அவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கும்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. 5 பேர் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள 10 ஜோடிகள். 10 பேர் என்றால் 45. 50 பேர் என்றால் 1,225. ஆள் பத்து மடங்கு ஏறினால் பேச்சு நூறு மடங்குக்கு மேல் ஏறுகிறது. நம் குழந்தைகள் நாள் முழுக்க மீட்டிங்கில் இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அதே புத்தகத்தில் அவ்வளவு பிரசித்தமாகாத இன்னொரு விஷயம் இருக்கிறது. எனக்கு அதுதான் அதிகம் பிரயோஜனப்பட்டது. மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிட, ஆறில் ஒரு பங்கு நிரல் எழுத, மீதிப் பாதியில் கால் பங்கு தனித்தனிப் பகுதிகளைச் சோதிக்க, இன்னொரு கால் பங்கு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துச் சோதிக்க என்று அவர் பிரித்தார். அதாவது நாம் 'வேலை' என்று நினைக்கிற எழுதும் வேலை ஆறில் ஒன்றுதான். சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் பாதிக் காலம். நடைமுறையில் என்ன நடக்கிறது? தேதியை முதலில் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுகிறார்கள். திட்டமிடுவது இழுக்கிறது, எழுதுவது இழுக்கிறது. தேதி மட்டும் நகராது. அப்போது எது சுருங்கும்? கடைசியில் இருக்கும் சோதனைதான். அதுவும் கடைசியில் இருப்பதால், பிரச்சினை இருக்கிறது என்ற செய்தியே டெலிவரிக்குப் பத்து நாள் முன்னால்தான் வருகிறது. தீபாவளிக்கு வராத பையனின் கதை இதுதான்.

இப்போது எல்லோரும் ஏ.ஐ. பற்றிக் கேட்கிறீர்கள். இனி நிரலை அது எழுதிவிடுமே, ப்ராஜெக்ட் எல்லாம் ஒரு மாதத்தில் முடியாதா என்று சாயந்திரம் நடைப்பயிற்சியில் ஒரு நண்பர் கேட்டார். ப்ரூக்ஸின் கணக்கை வைத்துக்கொண்டால், எழுதும் வேலை முழுக்கப் பூஜ்யமானாலும் ஆறில் ஐந்து பங்கு மிச்சம் இருக்கிறது. என்ன வேண்டும் என்று தீர்மானிப்பதும், வந்தது சரியா என்று பார்ப்பதும் அந்த ஐந்தில் அடங்கும். அந்த வேலைகளிலும் ஏ.ஐ. உதவுகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் எழுதுவது சுலபமாக ஆக, பார்க்க வேண்டியது ஜாஸ்தியாகிறது. இது என் அபிப்ராயம். இளையவர்கள் மறுத்துப் பேசலாம்.

சரி, தேதி சொல்லி ஒழுங்காக நடத்திய வேலையே கிடையாதா? இருக்கிறது. நம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றையே சொல்கிறேன்: ரயில் முன்பதிவு.

அறுபது வயது தாண்டியவர்களுக்குப் பழைய முறை ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு ரயிலுக்கும் தனி லெட்ஜர், தனி கவுண்டர். கிராண்ட் டிரங்க் கவுண்டரில் இரண்டு மணி நேரம் நின்று இடம் இல்லை என்று தெரிந்துகொண்டு, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் கவுண்டரில் மறுபடி வாலில் போய் நிற்க வேண்டும். திரும்பி வருவதற்கு டிக்கெட் வேண்டுமானால் தந்தி போகும், பதில் வரும் வரை நிச்சயமில்லை. இதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலை சி.எம்.சி. என்ற அரசுத் துறை நிறுவனத்திடம் போயிற்று. 1985இல் டெல்லியில் பரீட்சார்த்தமாக ஆரம்பித்தார்கள். அந்த மென்பொருளுக்கு இம்ப்ரெஸ் என்று பெயர். எந்த கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் என்ற அதிசயத்தை அப்போதுதான் ஜனங்கள் பார்த்தார்கள். சி.எம்.சி. பிற்பாடு டாட்டா குழுமத்துக்குப் போய், 2015இல் டி.சி.எஸ்.ஸோடு இணைந்துவிட்டது.

கம்ப்யூட்டர் வாங்கி வைப்பது அதில் பெரிய விஷயமே இல்லை. ரயில்வேயின் விதிகள்தான் கஷ்டம். தூரம் ஏற ஏறக் கிலோமீட்டருக்குக் கட்டணம் குறையும். வகுப்புக்கு வகுப்பு மாறும். பொதுக் கோட்டா, பெண்கள் கோட்டா, ஹெட் குவார்ட்டர்ஸ் கோட்டா, நடு ஸ்டேஷன்களுக்குத் தனிக் கோட்டா. ஆர்.ஏ.சி. என்று ஒன்று, பக்கவாட்டு சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து, யாராவது ரத்து செய்தால் படுக்கை கிடைக்கும். அதன் பின்னால் வெயிட்டிங் லிஸ்ட். ஒருவர் ரத்து செய்தால் யார் மேலே ஏறுகிறார், எந்தக் கோட்டாவிலிருந்து எதற்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் முப்பது வருஷம் கவுண்டரில் உட்கார்ந்த குமாஸ்தா யோசிக்காமலே செய்வார். மெஷினுக்கு ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் துறையில் ரெக்வயர்மெண்ட் என்று பெரிய வார்த்தை சொல்வோம். அதன் அர்த்தம் இதுதான்: அனுபவஸ்தர் தலைக்குள் இருப்பதை, அவர் எரிச்சல்படாமல் வெளியே எடுப்பது.

நான் குறிப்பாகச் சொல்ல வந்தது அவர்கள் போன வேகத்தை. ஒரே நாளில் நாடு முழுவதும் மாற்றவில்லை. முதலில் டெல்லி. பிறகு மற்றப் பெரிய மையங்கள், ஒவ்வொன்றும் தனித் தீவாக. அடுத்து ரயில்வேயின் சொந்தக் கம்ப்யூட்டர் அமைப்பான கிரிஸ், கான்சர்ட் என்ற புதிய மென்பொருளைச் செய்தது. அதன் மூலம் 1999 ஏப்ரலில்தான் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய 5 மையங்களும் முழுவதும் இணைந்தன. 2002 ஆகஸ்டில் இணையத்தில் டிக்கெட் வந்தது. ஆரம்பத்திலிருந்து 17 வருஷம். நிதானம் என்று கேலி செய்யலாம். ஆனால் அந்த 17 வருஷமும் ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒன்று ஜனங்களுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. தத்கால் நேரத்தில் காலை பத்து மணிக்கு நீங்கள் எல்லோரும் கம்ப்யூட்டரைத் திட்டுவது எனக்குத் தெரியும். நானும் திட்டுகிறேன். அது வேறு விஷயம்.

இதற்கு நேர் எதிரான ஒன்று அமெரிக்காவில் நடந்தது. மருத்துவக் காப்பீடு வாங்குவதற்கு ஹெல்த்கேர் டாட் கவ் என்ற அரசாங்க இணையதளத்தை 2013 அக்டோபர் 1ஆம் தேதி திறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு ஒரே தளம், ஒரே நாள். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஒப்பந்த நிறுவனங்கள் செய்த வேலை. லட்சக்கணக்கானோர் முதல் நாளே உள்ளே நுழைந்தார்கள். அன்றைக்கு முழுவதும் பதிவு செய்து முடித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஆறு. ஆறு லட்சம் இல்லை, 6 பேர். இதில் எனக்கு வியப்பு அளித்தது தோல்வி இல்லை. அந்த வருஷ ஆரம்பத்திலேயே வெளியாட்களை வைத்து ஒரு ஆய்வு செய்து, சோதனைக்கு நேரம் போதாது, விதிகள் இன்னும் மாறிக்கொண்டே இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் சேர்த்து முடிவெடுக்க ஒரு ஆள் இல்லை என்று எழுத்தில் வாங்கி வைத்திருந்தார்கள். தெரியாமல் விழவில்லை.

அதன் பிறகு அதைச் சரி செய்த விதம் பாடப் புத்தகத்தில் வைக்க வேண்டியது. கூகிளில் இருந்து மைக்கி டிக்கர்சன் என்பவரையும் இன்னும் சிலரையும் அழைத்து வந்தார்கள். அவர் தினமும் காலையும் மாலையும் எல்லா நிறுவனத்தாரையும் ஒரே அறையில் கூட்டினார். சுவரில் விதிகள் எழுதி வைத்தார். இந்த அறை பிரச்சினையைத் தீர்க்க, பழி போட வேறு இடம் பாருங்கள் என்பது ஒன்று. பேச வேண்டியவர் விஷயம் அதிகம் தெரிந்தவர், பதவி அதிகம் உள்ளவர் இல்லை என்பது இன்னொன்று. டிசம்பர் ஆரம்பத்துக்குள் தளம் பெருமளவு வேலை செய்தது. பழைய நிறுவனங்களின் ஆட்கள் பலர் அதே இடத்தில்தான் இருந்தார்கள். அறையில் யார் பேசலாம் என்பது மாறியிருந்தது.

யார் பேசலாம் என்பதற்கு நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு, பழைய கம்ப்யூட்டர் முறையிலிருந்து புதியதற்கு எல்லாப் பாலிசிகளையும் மாற்றித் தர வேண்டிய வேலை. வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு ஆரம்பித்துத் திங்கள் காலை 6 மணிக்குள் முடிய வேண்டும். 57 மணி நேரம். அந்த ப்ராஜெக்டில் நான் இல்லை. வேறு பிரிவிலிருந்து பரிசீலனைக்காக இரண்டு நாள் அனுப்பப்பட்டிருந்தேன். எங்கள் வழக்கத்தில் ஒவ்வொரு வேலைக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிலவரம் போடுவார்கள். எனக்குக் காட்டிய அறிக்கையில் எல்லாம் பச்சை.

இப்படிப்பட்ட அறிக்கைக்கு எங்கள் துறையில் தர்பூசணி என்று பெயர். வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. அதனால் நான் அறிக்கையை மூடி வைத்துவிட்டு, கீழே கேண்டீனில் டீ குடிக்கும் நேரத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமே ஆன ஒரு பெண் சொன்னாள்: "சார், ஒத்திகை பார்த்தோம். 71 மணி நேரம் ஆயிற்று." எழுதிக் கொடுத்தாயா அம்மா என்று கேட்டேன். மூன்று வாரமாகக் கொடுக்கிறாளாம்.

பழைய மின்னஞ்சல்களை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். அவள் எழுதியது: 57க்குப் பதில் 71. அவளுடைய லீட் மேலே அனுப்பியது: நேரத்தில் சற்றுக் கவனம் தேவை. அதற்கு மேலே: வேகப்படுத்தும் முயற்சிகள் நடைபெறுகின்றன. அதற்கும் மேலே: பச்சை. ஒருவரும் பொய் சொல்லவில்லை பாருங்கள். ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவர் மனம் நோகாமல் ஒரு வார்த்தையை மட்டும் மாற்றினார்கள். 14 மணி நேரம் அந்த நாலு வார்த்தைக்குள் கரைந்து போய்விட்டது.

அந்தப் பெண்ணிடமே தீர்வும் இருந்தது. நடப்பில் உள்ள பாலிசிகளை மட்டும் முதலில் மாற்றலாம், காலாவதியானவற்றை அடுத்தடுத்த வாரக் கடைசிகளில் மெதுவாக மாற்றலாம் என்றாள். அவளையே கமிட்டியில் பேச வைத்தோம். அப்படித்தான் நடந்தது, திங்கட்கிழமை காலை நிறுவனத்தின் கிளைகள் திறந்தபோது எல்லாம் ஓடின. வருஷ முடிவில் அவளுக்கு வந்த மதிப்பீட்டில், 'எதிர்மறை மனப்பான்மை உள்ளவர்' என்று ஒரு வரி இருந்தது. நான் என் கருத்தை எழுத்தில் கொடுத்தேன், அது மாறவில்லை. சில மாதங்களில் அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். நஷ்டம் அவளுக்கு இல்லை.

தலைமை என்று பேச வந்தால் நம் நாட்டில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1979 ஆகஸ்ட் 10ஆம் தேதி எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. அதன் பொறுப்பாளர் அப்துல் கலாம். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் அவரைப் பின்னால் நிறுத்தி, பத்திரிகைக்காரர்களைத் தாமே சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18இல் அதே ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தபோது, நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று கலாமை அனுப்பினார். வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு முறை வருகிறது.

இதில் நாம் தாண்டிப் போகும் பகுதி ஒன்று உண்டு. கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஏவுவதற்குச் சில நிமிஷம் முன்பு கம்ப்யூட்டர் நிறுத்தச் சொல்லிற்று. கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ சரியில்லை என்று காட்டிற்று. பக்கத்தில் இருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டு, போதுமான இருப்பு இருக்கிறது, போகலாம் என்றார்கள். கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு ஏவினார்கள். முதல் கட்டம் சரியாக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போயிற்று. வால்வு ஒன்று சரியாக மூடாமல், ஏவும் முன்பே நைட்ரிக் அமிலம் கசிந்திருந்தது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள்.

தவன் செய்தது பெருந்தன்மை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். நான் அதை ஒரு மேனேஜர் கண்ணால் பார்க்கிறேன். பழி மேலேயே நின்றுவிட்டதால், கீழே இருந்தவர்கள் பயமில்லாமல் வால்வைப் பற்றிப் பேச முடிந்திருக்கும். யார் தலை உருளும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தால், கசிவைப் பார்த்தேன் என்று யார் சொல்வார்? காரணம் தெரிந்தது, திருத்தினார்கள், பதினோரு மாதத்தில் அடுத்தது பறந்தது. அந்தப் பதினோரு மாதத்துக்காகத்தான் அவர் பத்திரிகைக்காரர்கள் முன் நின்றார் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு மறுபக்கம் எவ்வளவு கொடுமையாக இருக்கும் என்பதற்கு இங்கிலாந்துத் தபால் துறையைப் பார்க்கலாம். இங்கே வங்கியிலும் ஏ.ஜி. ஆபீஸிலும் இருந்த மாமாக்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். 1999 முதல் அங்கே கிளைத் தபால் நிலையங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் புகுத்தினார்கள். ஃபுஜித்ஸு நிறுவனம் அளித்தது. கிளை போஸ்ட் மாஸ்டர்களின் கணக்கில் காரணமில்லாமல் பணம் குறைந்தது. அவர்கள் ஒப்பந்தப்படி குறைவுக்கு அவர்களே பொறுப்பு. சிலர் வீட்டை விற்றுக் கட்டினார்கள். போன் செய்து கேட்டவர்களுக்கு, வேறு யாருக்கும் இப்படி இல்லை, உங்களுக்கு மட்டும்தான் என்று பதில் வந்தது. 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனவர்கள் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு. ஆலன் பேட்ஸ் என்ற போஸ்ட் மாஸ்டர் விடாமல் போராடி 555 பேரைச் சேர்த்துக்கொண்டு வழக்குப் போட்டார். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம், மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தது. ஃபுஜித்ஸு ஊழியர்கள் தொலைவிலிருந்தே கிளைக் கணக்கை மாற்ற முடிந்திருக்கிறது. அப்படி முடியாது என்று தபால் துறை வருஷக்கணக்கில் சொல்லி வந்தது. 2024 மே மாதம் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். இருபது வருஷம் கழித்து.

நம் வங்கிகளில் பழைய நாளில் என்ன நடக்கும்? ஒருவர் வவுச்சர் எழுதுவார், இன்னொருவர் பார்த்துப் பாஸ் செய்வார். சாயந்திரம் பத்துப் பைசா இடித்தாலும் லெட்ஜரை எல்லோருமாகப் புரட்டுவார்கள். ராத்திரி எட்டு மணி ஆகும், ஆனால் பத்துப் பைசா எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும். ஏன்? லெட்ஜர் மேஜை மேல் இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தப் போஸ்ட் மாஸ்டர்களுக்கு அந்த சௌகர்யம் இல்லை. மெஷின் சொன்ன தொகை மட்டும் தெரியும், எப்படி வந்தது என்று தெரியாது. அரசு ஆபீஸ் கோப்பிலும் கீழே இருக்கும் அசிஸ்டெண்ட் தன் குறிப்பை எழுதி இனிஷியல் போடுவார். மேலதிகாரி மாற்றி உத்தரவு போடலாம், ஆனால் முதல் குறிப்பை அழிக்க முடியாது. சிவப்பு நாடா என்று நாம் கேலி செய்த அந்த ஏற்பாட்டில் இப்படி ஒரு நல்லதும் இருந்தது. நான் சொன்ன பெண்ணின் 71 மணி நேரம் அப்படிப்பட்ட நோட் ஷீட்டில் இருந்திருந்தால், நாலு வார்த்தையில் கரைந்திருக்காது.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவில் 17 பேர் கூடி அஜைல் என்ற கொள்கையை அறிவித்தார்கள். சிறு சிறு துண்டாகச் செய்து, அடிக்கடி வாடிக்கையாளரிடம் காட்டு என்பது அதன் சாரம். நல்ல விஷயம்தான். ஆனால் தினமும் 15 நிமிஷம் நின்றுகொண்டே பேச வேண்டிய கூட்டத்தை, நம் கம்பெனிகளில் பலர் ஒரு மணி நேர வருகைப் பதிவாக மாற்றிவிட்டார்கள். நேற்று என்ன செய்தாய் என்று விசாரிப்பதற்கு அது இல்லை. எங்கே தடைப்பட்டிருக்கிறாய், நான் என்ன செய்ய வேண்டும் என்று மேனேஜர் கேட்பதற்கு.

இங்கே வந்திருக்கும் இளையவர்களுக்கு நடைமுறையாக இரண்டொரு வார்த்தை. மேனேஜர் தேதி கேட்டால் ஒரே தேதி சொல்லாதீர்கள். எல்லாம் சரியாக நடந்தால் இன்ன தேதி, வழக்கமான தடங்கல்கள் வந்தால் இன்ன தேதி என்று இரண்டு சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள். கெட்ட செய்தியை எண்ணோடு சொல்லுங்கள். 'கொஞ்சம் பிரச்சினை' என்றால் மேலே போகப் போகக் காணாமல் போகும். '14 மணி நேரம் அதிகம்' என்றால் அதை மறைக்க ஒருவர் மெனக்கெட்டு மாற்ற வேண்டும். மேனேஜர்களாக இருப்பவர்கள், மாதத்துக்கு ஒரு நாளாவது அறிக்கையை மூடிவிட்டுக் கேண்டீனுக்குப் போங்கள். பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் ராத்திரி வேலை செய்வதைப் பார்த்து, "நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில்" என்று ஆரம்பிக்காமல், ஆரம்பத்தில் தேதி சொன்னது யார் என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள்.

கேண்டீனைப் பற்றிப் பேசியதாலோ என்னவோ, காபி வந்துவிட்டது என்று பின்னாலிருந்து சைகை காட்டுகிறார்கள். வேலை தேடும் குழந்தைகளும், புதிதாக டீம் லீட் ஆனவர்களும் அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு காலை இதே ஹாலுக்கு வந்தால், அவர்களுடைய சொந்த ப்ராஜெக்டின் எஸ்டிமேட்டையே எடுத்து வைத்துப் பார்க்கலாம். லேப்டாப் கொண்டு வாருங்கள். கம்பெனி ரகசியத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.